மிஞ்சினதெல்லாம் எனக்கு

"என்னக்கா, சுகரா?"

உடம்பு இளைத்த பெண்ணைப் பார்த்தால் எங்கள் திருவண்ணாமலையில் முதலில் கேட்கிற கேள்வி இதுதான். பெருத்துக் கிடந்த வருஷங்களில் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. "மகராசியாட்டம் இருக்கீங்க" என்றுதான் சொன்னார்கள். ஏழரைக் கிலோ குறைந்த பிறகு, தேரடி வீதியில் பூக் கட்டும் அம்மா முதல் என் சொந்த நாத்தனார் வரைக்கும் எல்லோருக்கும் என்னைப் பற்றிக் கவலை வந்துவிட்டது.

சுகர் இல்லை சகோதரிகளே. ஆனால் வாசற்படி வரைக்கும் வந்து நின்றது. சென்ற இதழில் ஊறுகாய்க்கு எண்ணெய் ஊற்றுவதைப் பற்றி எழுதும்போது, போகிற போக்கில் "நான் எடை குறைத்த கதையைப் பிறகு சொல்கிறேன்" என்று ஒரு வரி எழுதிவிட்டேன். ஊறுகாயை விட்டுவிட்டு எல்லோரும் அந்த வரியையே பிடித்துக்கொண்டு கேட்கிறீர்கள். அதனால் இந்தத் தடவை அதுதான். நான் டாக்டர் இல்லை, பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்தியவள் என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு படியுங்கள்.

போன வருஷம் சித்திரை மாதம். என் மாமியாருக்கு ரத்தக் கொதிப்பு உண்டு. 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை கொண்டுவந்து கொடுத்து, அளவும் பார்த்துவிட்டுப் போக ஒரு பெண் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாள். அன்றைக்கு அத்தைக்குப் பார்த்து முடித்துவிட்டு, "நீங்களும் உட்காருங்கக்கா, விரல்ல ஒரு சொட்டு எடுத்துப் பார்த்துடறேன்" என்றாள். பார்த்தவள் முகம் கொஞ்சம் சுருங்கியது. "நாளைக்கு வெறும் வயித்துல ஆஸ்பத்திரிக்கு வந்து ரத்தம் கொடுத்துடுங்க" என்றாள்.

கொடுத்தேன். வெறும் வயிற்றில் 114. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. என்கிற பரிசோதனையில் 6.3. அதில் 5.7-க்குக் கீழே இருந்தால் சரி, 6.5 தொட்டால் சர்க்கரை நோய், நடுவில் இருப்பவர்கள் எல்லைக்கோட்டில் நிற்பவர்கள் என்று டாக்டர் அம்மா விளக்கினார். என் உயரம் 154 சென்டிமீட்டர். எடை 72 கிலோ. தையல் டேப்பால் வயிற்றைச் சுற்றி அளந்தால் 98 சென்டிமீட்டர். நம் நாட்டுப் பெண்களுக்கு அது 80-க்குள் இருக்க வேண்டுமாம். வீட்டில் தையல் டேப் இல்லாத சகோதரி யாரும் இருக்க மாட்டீர்கள். படித்து முடித்ததும் ஒரு தடவை அளந்து பாருங்கள், தொப்புளுக்குச் சற்று மேலே, மூச்சை இழுத்துப் பிடிக்காமல்!

எனக்கு அழுகை வந்ததற்குக் காரணம் அந்த எண்கள் இல்லை, என் அம்மா. அம்மாவுக்கு நாற்பத்தெட்டு வயதில் சர்க்கரை. வெகு நாள் மாத்திரையைச் சரியாகப் போடவில்லை. காலில் செருப்புக் கடித்த ஒரு சின்னப் புண், ஆறாமல் ஆறாமல், கடைசியில் கட்டை விரலை எடுத்தார்கள். பிறகு இன்னொரு விரல். 61 வயதில் போய்விட்டாள். என் மகள் கல்யாணத்தை அவள் பார்க்கவில்லை. அம்மாவும் எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில், அடுப்பங்கரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சட்டியில் இருந்ததை வழித்துச் சாப்பிடுகிறவள்தான். அப்போது எனக்கு இதில் ஒரு சங்கதி இருப்பதாகத் தோன்றவில்லை.

முதல் இரண்டு மாதம் நான் செய்தது முழுக்க அசட்டுத்தனம். காலை டிபனை நிறுத்தினேன். பதினொரு மணிக்குக் கை நடுங்கி, கிடைத்ததை அள்ளிப் போட்டுக்கொண்டேன். தேன், எலுமிச்சை, வெந்நீர் என்று யாரோ சொன்னதைக் கேட்டு வயிறு புளித்துப் போனதுதான் மிச்சம். அப்புறம் சாமை.

சாமையைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், எங்கள் மாவட்டத்துப் பொருள் ஆச்சே. ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர்ப் பக்கம் மலைவாழ் மக்கள் தலைமுறை தலைமுறையாக விளைவிக்கிற தானியம். 'சிறுதானியம் சாப்பிட்டால் இளைக்கும்' என்று எல்லோரும் சொல்லவே, அரிசியை மூட்டை கட்டி வைத்துவிட்டு மூன்று வேளையும் சாமையாக்கினேன். சாமைப் பொங்கலுக்கு நெய், சாமை உப்புமாவுக்கு எண்ணெய், சாமைப் பாயசம்கூட. மருந்துதானே என்று ஒரு கரண்டி கூடவே சாப்பிட்டேன். வைகாசிக் கடைசியில் எடை பார்த்தால் 73!

அதன் பிறகுதான் விஷயம் புரிந்தது. ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் நம் நாட்டு உணவுகளை ஆராய்ந்து 2017-ல் ஓர் அட்டவணை வெளியிட்டிருக்கிறது. பிளஸ் ஒன் படிக்கும் என் சின்ன மகள் அதிலிருந்து பார்த்துச் சொன்னாள். 100 கிராம் பச்சரிசியில் சுமார் 356 கலோரி. 100 கிராம் சாமையில் 346. பத்தே கலோரிதான் வித்தியாசம். சாமையில் உயர்வு எங்கே என்றால் நார்ச்சத்தில். அரிசியில் சுமார் 3 கிராம் என்றால் சாமையில் ஏழரைக்கு மேல். கேழ்வரகில் 11. அதனால் கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறையும், சீக்கிரம் பசிக்காது. கொஞ்சம் சாப்பிட்டால்தான்! நான் அந்தக் 'கொஞ்சம்' என்பதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் செய்தேன்.

ஆனி பிறந்ததும் சின்னவள் சொன்ன யோசனை இது. "அம்மா, ஒரு வாரத்துக்கு நீ வாயில போடறது ஒவ்வொண்ணையும் எழுதிவை. தட்டுல உக்காந்து சாப்பிடறத எழுதாதே. நின்னுக்கிட்டே சாப்பிடறத மட்டும் எழுது." தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். ஒரு நாள் தாளை அப்படியே தருகிறேன், சிரிக்கக் கூடாது.

காலை ஐந்தரை, காப்பி. ஏழே கால், பால் காய்ச்சின பாத்திரத்தில் ஒட்டின ஏடு. எட்டு மணி, மகன் காலேஜுக்கு ஓடும் அவசரத்தில் விட்டுப் போன அரை தோசை, சட்னியோடு. எட்டரை, சின்னவள் டிபன் டப்பாவில் அடங்காத இரண்டு கரண்டி எலுமிச்சை சாதம். பத்தே கால், காப்பி. கூடவே டப்பாவில் உடைந்த முறுக்கு (உடைந்தால் யாரும் தொட மாட்டார்கள், அதனால்). பன்னிரண்டரை, பொரித்த அப்பளத்தில் ஒன்று, உப்புப் பார்க்க என்று. நாலு மணி, காப்பி, ஒரு கை மிக்சர். ஆறரை, விளக்கேற்றிய பிறகு இன்னொரு காப்பி. இரவு ஒன்பதரை, நான் சாப்பிட்டு எழுந்த பிறகு, மிஞ்சின சோற்றில் ரசம் ஊற்றி ஒரு பிடி, தூக்கிப் போட மனசு வராமல்.

சின்னவள் கணக்குப் போட்டாள். தட்டில் சாப்பிட்டதைச் சேர்க்காமலே 650 கலோரிக்கு மேல் வந்தது. கிட்டத்தட்ட ஒரு முழு வேளைச் சாப்பாடு. நான் சத்தியமாக ஒன்றும் சாப்பிடாத நேரம் என்று நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில்! காப்பி மட்டும் தனிக் கதை. நாலு வேளை, வேளைக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை, ஸ்பூனுக்கு 5 கிராம். நாளைக்கு 40 கிராம் ஆயிற்றா? மாதத்துக்கு 1,200 கிராம். ரேஷனில் வாங்குகிற சர்க்கரையை நான் ஒருத்தியே காப்பியில் கரைத்துக் குடித்திருக்கிறேன்.

நாம் பேராசைப்பட்டுச் சாப்பிடுவதில்லை, பாருங்கள். வீணாகக் கூடாது என்றுதான் சாப்பிடுகிறோம். அப்படியானால் ஏன் தினமும் மிஞ்சுகிறது? அதை யோசித்தபோதுதான் எங்கள் ஊர் விசேஷம் நினைவுக்கு வந்தது.

திருவண்ணாமலையில் வீடு இருக்கிறவர்களுக்குப் பௌர்ணமிக்குப் பௌர்ணமி விருந்தாளி உண்டு. கிரிவலம் வருகிற சொந்தக்காரர்கள் மத்தியானமே வந்து இறங்குவார்கள், இல்லாவிட்டால் விடியற்காலை நாலு மணிக்குச் சுற்றி முடித்துவிட்டு வந்து கதவைத் தட்டுவார்கள். நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த புதிதில் ஒரு பௌர்ணமியன்று சோறு போதாமல் போய்விட்டது. என் மாமியார் யார் எதிரிலும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எல்லோரும் போன பிறகு, "இந்த ஊர்ல ஒலை வெக்கிறவ ஒரு கை கூடப் போட்டுத்தாம்மா வெக்கணும்" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து இருபத்தைந்து வருஷமாக நான் ஒரு கை கூடப் போட்டுத்தான் வடித்துக்கொண்டிருந்தேன். விருந்தாளி வருவது மாதத்தில் இரண்டு நாள். மற்ற இருபத்தெட்டு நாளும் அந்த ஒரு கை சோற்றை யார் சாப்பிட்டது? நான்தான்.

அன்று ராத்திரியே அத்தையிடம் சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். அவர் வேறு ஒன்றைச் சொன்னார். அத்தைக்கு எழுபத்தைந்து வயது, போளூர்ப் பக்கத்துக் கிராமம். "எங்க ஊட்ல அப்ப தெனம் நெல்லுச் சோறு ஏது? பொங்கலு, தீவாளி, யாருனா ஒறம்பொற வந்தா. மத்த நாளு களி, கூழு, சாமச் சோறு. ஏரி பாத்த கொல்லிலதான் நெல்லு, அதையும் வித்துடுவாங்க" என்றார். 1960-களின் கடைசியில் ஐ.ஆர்.8 போன்ற குட்டை ரக நெல் வந்தது, கிணறுகளில் பம்புசெட்டு வந்தது, பிறகு ரேஷன் அரிசி வந்தது. 2011 ஜூனிலிருந்து அதுவும் இலவசம். பசி தீர்ந்தது, அதை யாரும் குறை சொல்ல முடியாது. எங்கள் மாவட்டத்து ஆரணியிலேயே அரிசி ஆலைகள் வரிசையாக நிற்கின்றன, வெள்ளை வெளேரென்று தீட்டிய அரிசி கடைக்குக் கடை கிடைக்கிறது. விசேஷ நாள் சாப்பாடு தினச் சாப்பாடு ஆனது. களத்து வேலையும் தண்ணீர் இறைப்பதும் போய்விட்டன. அத்தை காலத்தில் ஆடி மாதம் மாரியம்மனுக்கு வார்த்த கூழைத்தான் மற்ற மாதத்திலும் குடித்தார்கள். நாங்கள் ஆடியில் கோயில் வாசலில் ஒரு சொம்பு வாங்கிக் குடிப்பதோடு சரி.

அது என் வீட்டுக் கதை மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2015-16-ல் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 31 பேர் அளவுக்கு மீறிய எடை. அடுத்து 2019-21-ல் எடுத்தபோது அதே கணக்கு 40. நாலைந்து வருஷத்தில் இவ்வளவு!

சரி, என்னதான் செய்தேன் என்று கேட்கிறீர்கள்.

முதலில் உலை. எங்கள் வீட்டு ஆழாக்கில் தலை தட்டி அளந்தால் 150 கிராம் அரிசி. ஐந்து பேருக்கு மத்தியானம் ஐந்து ஆழாக்கும் அந்த ஒரு கையும் போட்டுக்கொண்டிருந்தேன். மூன்றரையாகக் குறைத்தேன். ஒரே நாளில் குறைக்கவில்லை, வாரத்துக்கு அரை ஆழாக்காக. குறைத்த இடத்தில் காய். முன்பு கால் கிலோ பீன்ஸை ஐந்து பேருக்குப் பொரியலாக்கித் தொட்டுக்கொள்ள வைப்பேன். இப்போது முக்கால் கிலோ. உழவர் சந்தையில் காலையிலேயே போனால் கீரை, சுரைக்காய், புடலை, அவரை மலிவாகக் கிடைக்கும். தட்டில் முதலில் காயை வைத்து அதில் பாதியைத் தின்ற பிறகுதான் சோறு என்று பழக்கினேன். திடீரென்று விருந்தாளி வந்தால்? அதற்கு ஒரு டப்பா நிறையச் சாமை வைத்திருக்கிறேன். குக்கரில் வைத்தால் இருபது நிமிஷத்தில் ஆகிவிடும். அத்தைக்கு இதில் பரம திருப்தி. கை கூடப் போடாமலே கௌரவம் காப்பாற்றப்பட்டதல்லவா!

இரண்டாவது, நானும் தட்டு வைத்து அவர்களோடு உட்கார்ந்தது. எழுதினால் ஒரு வரிதான், ஆனால் இதற்குத்தான் வீட்டில் அதிகப் பாடுபட்டேன். இவருக்கு நான் நின்று பரிமாறித்தான் பழக்கம். "ரசம் யாரு ஊத்துவா?" என்றார். பாத்திரங்களை நடுவில் கொண்டுவந்து வைத்து, "அவங்கவங்க ஊத்திக்கலாம்" என்றேன். இரண்டு நாள் முகம் தூக்கினார். மூன்றாம் நாள் எனக்கும் சேர்த்து ஊற்றினார். எல்லோரோடும் சாப்பிட்டால் என் பங்கு எவ்வளவு என்று கண்ணுக்குத் தெரிகிறது. கடைசியில் தனியாகச் சாப்பிட்டால் சட்டியில் இருப்பது அத்தனையும் என் பங்கு.

அப்போதுதான் முட்டை விஷயமும் வெளியே வந்தது. எங்கள் வீட்டில் முட்டை இவருக்கு, பிள்ளைகளுக்கு. எனக்குக் குழம்பு. மீன் வாங்கினால் நடுத்துண்டு அவர்களுக்கு, தலையும் வாலும் எனக்கு. சோற்றில் எனக்குக் குறைவில்லை, உடம்புக்கு வலுக் கொடுக்கிற புரதத்தில்தான் குறை. பசி அடங்காமல் பத்து மணிக்கு முறுக்கைத் தேடியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று டாக்டர் அம்மா சொன்னார். இப்போது எனக்கும் தினம் ஒரு முட்டை. அசைவம் சாப்பிடாத சகோதரிகள் சுண்டல், பாசிப்பயறு, கெட்டிப் பருப்பு, மோர் இவற்றைக் கூட்டிக்கொள்ளலாம்.

காப்பிச் சர்க்கரையை இரண்டு ஸ்பூனிலிருந்து ஒன்றரை, ஒன்று, அரை என்று பதினைந்து நாளைக்கு ஒரு படியாக இறக்கினேன். நாலு காப்பி இரண்டாயிற்று. வெல்லமும் கருப்பட்டியும் நல்லது என்று அதைக் கை நிறையப் போடாதீர்கள். இனிப்பு இனிப்புத்தான்.

எண்ணெய்க்கு நான் அளவு வைக்கவில்லை, தேதி வைத்தேன். இவர் மல்லாட்டை மண்டியில் கணக்கு எழுதுகிறார், அதனால் வீட்டில் எப்போதும் செக்குக் கடலெண்ணெய், 15 கிலோ டின்னாகவே வரும். (மல்லாட்டை என்றால் தெரியாத ஊர்க்காரர்களுக்கு: நிலக்கடலை!) டின்னை உடைக்கிற அன்று அதன் மேலேயே தேதி எழுதினேன். முன்பு மூன்று மாதத்தில் தீர்ந்தது. அதாவது ஆளுக்கு மாதம் ஒரு கிலோ, நாளைக்கு 33 கிராம், 300 கலோரி எண்ணெயிலேயே. இப்போது அதே டின் ஐந்து மாதம் வருகிறது. வாரத்தில் ஒரே ஒரு நாள் பொரிப்பது, தாளிக்க ஸ்பூன், தோசைக்குத் துணி முடிச்சால் தொட்டுத் தடவுவது, அவ்வளவுதான். நாலு மணிக்கு மிக்சருக்குப் பதில் வேகவைத்த மல்லாட்டை ஒரு கைப்பிடி. அதற்கு மேல் வேண்டாம், அதிலும் எண்ணெய் இருக்கிறது.

நடையைப் பற்றியும் சொல்ல வேண்டும், கிரிவலம் ஊர்க்காரி நடையை விட்டால் நன்றாக இருக்காது. கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். மாதா மாதம் பௌர்ணமிக்குச் சுற்றுகிறேன், எனக்கு எதற்குத் தனி நடை என்று வருஷக்கணக்கில் நினைத்திருந்தேன். என் எடைக்கு 14 கிலோமீட்டர் நடந்தால் சுமார் 700 கலோரி கரையும். அன்னதானப் பந்தல்களை நினைத்துப் பாருங்கள். அக்னி லிங்கம் தாண்டுவதற்குள் தொன்னையில் வெண்பொங்கல். கொஞ்ச தூரத்தில் சாம்பார் சாதம், பிரசாதமாயிற்றே, வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? நிருதி லிங்கத்துக்குப் பக்கம் கேசரி. கால் வலிக்கு ஒரு ரோஸ் மில்க். குபேர லிங்கம் வருவதற்குள் கரைத்ததற்கு மேல் ஏற்றியாயிற்று! இப்போது நான் பந்தலில் கையை மட்டும் நீட்டி ஒரு பிடி வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிடுகிறேன். தொன்னை வாங்குவதில்லை. அண்ணாமலையார் கோபிக்கவில்லை. தவிர, மாதம் ஒரு நாள் நாலு மணி நேரம் நடப்பதைவிடத் தினம் அரை மணி நடப்பதுதான் சர்க்கரைக்கு நல்லது என்று சொல்லிவிட்டார்கள். விடியற்காலை கோலம் போட்டுவிட்டு மாட வீதியை ஒரு சுற்று வந்துவிடுகிறேன். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, முன்பு மிஞ்சின சோற்றைத் தின்ற அந்த நேரத்தில், மொட்டை மாடியில் பத்து நிமிஷம்.

எடை இறங்கிய விதத்தை உள்ளபடி சொல்கிறேன். ஆனி, ஆடியில் மாதம் ஒன்றரைக் கிலோ. பிறகு மெல்ல மெல்ல. ஐப்பசியில் 67. கார்த்திகை தீபத்துக்குப் பத்து நாள் வீடு கொள்ளாமல் விருந்தாளிகள், அப்பம், பொரி உருண்டை, அதிரசம். மகாதீபம் பார்த்து எல்லோரும் ஊர் திரும்பிய பிறகு எடைபார்த்தால் இரண்டு கிலோ ஏறிவிட்டது. போச்சு, எல்லாம் போச்சு என்று இரண்டு நாள் பழையபடி சட்டியை வழித்தேன். மூன்றாம் நாள் சின்னவள் ஒரு காலண்டர் தாளைக் கிழித்துக் கையில் கொடுத்தாள், ஒன்றும் பேசவில்லை. மறுபடி எழுத ஆரம்பித்தேன். இந்தப் பங்குனியில் 64½ கிலோ, வயிற்றுச் சுற்றளவு 89. எச்.பி.ஏ.1.சி. 5.8. இன்னும் எல்லைக்கோட்டில்தான் நிற்கிறேன், ஆனால் இந்தப் பக்கத்து ஓரத்தில்.

பலரும் கேட்ட சாமைக் காய்கறிச் சோறு இது. சாமை ஓர் ஆழாக்கு, பாசிப்பருப்பு கால் ஆழாக்கு. சாமையைக் களைந்து, அரித்து எடுக்க வேண்டும், மண்ணும் கல்லும் இருக்கும். குக்கரில் இரண்டு ஸ்பூன் எண்ணெய் விட்டுச் சீரகம், மிளகு, இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, ஒரு வெங்காயம் வதக்கி, பொடியாக நறுக்கிய கேரட், பீன்ஸ், சுரைக்காய் எல்லாமாக இரண்டு ஆழாக்கு போடுங்கள். முருங்கைக்கீரை ஒரு கைப்பிடி. சாமை, பருப்பு, உப்பு, நாலு ஆழாக்குத் தண்ணீர். இரண்டு விசில். மூன்று பேர் சாப்பிடலாம். மூன்று பேர், ஞாபகம் இருக்கட்டும்!

சின்னக் குழந்தை வைத்திருக்கும் பெண்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. வேலூரில் இருக்கும் என் பெரிய மகளுக்குப் பிரசவ சமயத்தில் சர்க்கரை ஏறி, பிறகு இறங்கியது. அப்படி ஏறி இறங்கியவர்களுக்குப் பின்னாளில் சர்க்கரை நோய் வர வாய்ப்பு அதிகம், குழந்தை பிறந்த பிறகும் அவ்வப்போது பரிசோதித்துக்கொள்ள வேண்டும். தை மாதம் பேரனோடு வந்திருந்தாள். கிண்ணத்தில் கேழ்வரகுக் கஞ்சி, நாலு வாய் வாங்கினான், முகத்தைத் திருப்பினான். "வேணாமா? சரி, அம்மா சாப்பிடறேன்" என்று ஸ்பூனைத் தன் வாயில் வைத்தாள். அவளுக்கே தெரியாமல்தான் வைத்தாள். என் அம்மா அடுப்பங்கரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது எனக்கு. "கஞ்சியைப் பாதியா காய்ச்சுடி. பத்தலேன்னா மறுபடி காய்ச்சிக்கலாம்" என்றேன். அவள் பால் கொடுக்கிறவள், பட்டினி கிடக்கக் கூடாது, சாப்பாட்டைக் குறைக்கவும் கூடாது. அவளுக்கு வேண்டியது அவள் தட்டில், சூடாக, நேரத்துக்கு வர வேண்டும். கர்ப்பிணிகளும் எடை குறைக்கிற வேலையில் இறங்க வேண்டாம். சர்க்கரைக்கு ஏற்கனவே மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் சோற்றைக் குறைத்தால் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரும். கேட்டுவிட்டே செய்யுங்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே போன் வந்தது. என் அக்கா மகன், சென்னையிலிருந்து. "சித்தி, நாளைக்குப் பௌர்ணமி இல்ல? நாங்க ஏழு பேர் வர்றோம். சாப்பாடெல்லாம் ஒண்ணும் வேணாம், சும்மா இருங்க" என்கிறான். வேண்டாம் என்றால் எங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். அத்தை உள்ளேயிருந்து, "எத்தினி பேரும்மா?" என்று கேட்டுக்கொண்டே ஆழாக்கை எடுத்து வைக்கிறார். ஏழும் ஐந்தும் பன்னிரண்டு. நான் போய்ச் சாமையை அரிக்க வேண்டும்.